நடராஜர் எந்தக் காலைத் தூக்கியிருக்கிறார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்த வரைக்கும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். வண்டி ஓட்டிக்கிட்டுக் கேட்கிறவங்க மட்டும் இதைச் செய்யாதீங்க. மத்தவங்க எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. நடராஜர் சிலையை மனசுக்குள்ள கொண்டு வாங்க. காலண்டர்ல, கார் டேஷ்போர்டுல, பரதநாட்டிய அரங்கேற்ற மேடை ஓரத்துல, எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த உருவம்தான். வந்துடுச்சா? சரி, இப்போ சொல்லுங்க. அவர் எந்தக் காலைத் தூக்கியிருக்கார்? வலதா, இடதா? ஒரு கை உடம்புக்குக் குறுக்கே வந்து தொங்குமே, அது எந்தக் கை? நெருப்பு எந்தப் பக்கம், உடுக்கை எந்தப் பக்கம்?

எங்க ஆபீஸ்ல எட்டுப் பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் சரியாச் சொன்னாங்க. அதுல ஒருத்தி பரதம் கத்துக்கிட்டவ, அவளைக் கணக்குல சேர்க்க முடியாது. (பதில்: தூக்கியிருக்கிறது இடது கால். குறுக்கே வர்றதும் இடது கைதான். உடுக்கை வலது, நெருப்பு இடது. மதுரை வெள்ளியம்பலத்துல மட்டும் கால் மாறி, வலது காலைத் தூக்கி ஆடுவார். மதுரைக்காரங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.)

போன வருஷம் வரைக்கும் எனக்கும் இது தெரியாது. இத்தனைக்கும் நான் மேலகரத்துக்காரி. மேலகரம் எங்க இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு: தென்காசியில இருந்து குற்றாலம் போற ரோட்டுல, கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்து போயிடுற ஊர். குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் எங்க ஊர்க்காரர். பெருமை பேச எங்களுக்கு இருக்கிற பெரிய ஆள் அவர்தான், அதனால வாய்ப்பு கிடைச்சா விடமாட்டோம். விஷயம் என்னன்னா, எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல போகிற தூரத்துல நடராஜருக்குன்னே ஒரு சபை இருக்கு. அதுவும் சாதாரண சபை இல்லை.

சிவன் ஆடின இடங்கள்னு ஐந்து சபைகளைச் சொல்வாங்க. சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு இரத்தின சபை, குற்றாலம் சித்திர சபை. முதல் நாலும் உலோகம், ரத்தினம்னு விலை உயர்ந்த பொருள்களோட பேர். ஐந்தாவது மட்டும் வரைஞ்சது. பேருலயே சித்திரம். குற்றாலநாதர் கோயிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு தெப்பக்குளத்தோட, செப்புத் தகடு வேய்ந்த கூரையோட தனியா நிக்கிற மண்டபம் அது. உள்ளே ஆடற நடராஜர் கல்லும் இல்லை, செம்பும் இல்லை. சுவர்ல வரைஞ்ச ஓவியம். பக்கத்துல சிவகாமியும் ஓவியம்தான். சுற்றிச் சுவர் முழுக்கத் திருவிளையாடல் கதைகள், சிவனோட பல வடிவங்கள், பள்ளி கொண்ட பத்மநாபர்னு கோடும் நிறமுமா நிறைஞ்சு கிடக்கு. மார்கழித் திருவாதிரைக்கு இங்கேதான் தாண்டவ தீபாராதனை நடக்கும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாரல் அடிக்கிற ஊர். வருஷத்துல பாதி நாள் சுவர் ஈரமா இருக்கும். அப்படி ஒரு ஊர்ல, கல்லும் வெண்கலமும் கையில இருந்த ஆளுங்க, தங்களோட சாமியை ஒரு சுண்ணாம்புச் சுவர்மேல இருக்கிற கோட்டுக்குள்ள வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ச் சுவரோவியங்கள்ல பொதுவா முதல்ல கோடுதான் வரும். அதுக்குள்ள நிறம் நிரப்புவாங்க. நிறம் காய்ஞ்ச பிறகு அதே கோட்டுமேல இன்னொரு தடவை, அழுத்தமா, கடைசிக் கோடு. கண், விரல், நகம் எல்லாம் அந்தக் கடைசிக் கோட்டுலதான் உயிர் பிடிக்கும். நிறம் மங்கினாலும் கோடு நின்னா உருவம் நிக்கும்.

இன்னைய எபிசோடு இந்தக் கோட்டைப் பத்தித்தான். கட்டடக்கலை படிக்கிற ஒரு பொண்ணு, நம்ம ரெகுலர் லிசனர், மெயில் போட்டிருந்தாங்க. "அக்கா, போன்ல போட்டோ எடுக்கலாம், ஏஐ கிட்டச் சொன்னா பத்து செகண்டுல படம் வந்துடுது. எங்க புரொஃபசர் மட்டும் இன்னும் ஸ்கெட்ச் புக் தூக்கிட்டு வரச் சொல்றார். இது வெறும் பழக்கதோஷமா, இல்ல உண்மையிலேயே ஏதாவது இருக்கா?"

நியாயமான கேள்வி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நானே "பழக்கதோஷம்தான்மா"ன்னு பதில் போட்டிருப்பேன். நான் ஆப் டிசைன் பண்ற ஆளு. பென்சிலைத் தொட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் ஏன் மாறினேன்னு சொல்லணும்னா எங்க வீட்டுக் கதைக்கு வரணும். போன சாரல் சீசன்ல மேலகரத்து வீட்டை விக்கிறதுன்னு முடிவாச்சு. தாத்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஆச்சி தனியா இருக்க முடியலை. சென்னையில எங்களோட வந்து இருக்கணும். வாங்கினவர் இடிச்சுட்டுக் கட்டப் போறார், அது பேசும்போதே தெரியும். நான் ரெண்டு வாரம் லீவு போட்டுப் போனேன். போனதும் என்ன செஞ்சேன்? நீங்க என்ன செய்வீங்களோ அதைத்தான். போட்டோ எடுத்தேன். தார்சா, பட்டாசல், ரெண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல், கிணத்தடி, மச்சுப்படி. நானூறுக்கு மேல போட்டோ, பன்னிரண்டு வீடியோ. எல்லாம் கிளவுட்ல பத்திரமா ஏறிடுச்சு. மனசு லேசாயிடுச்சு. "அப்பாடா, இனிமே மறக்காது"ன்னு.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு ஆராய்ச்சியைச் சொல்லணும். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் லிண்டா ஹெங்கெல், 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போய், சில பொருள்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார். சிலவற்றை வெறுமனே பார்க்கச் சொன்னார். மறுநாள் சோதிச்சா, முழுசா போட்டோ எடுத்த பொருள்களைப் பத்தின ஞாபகம் வெறுமனே பார்த்ததைவிடக் குறைவா இருந்தது. கேமரா பார்த்துக்கும்னு மூளை கையைக் கழுவிடுதுன்னு வெச்சுக்கலாம். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. பொருளோட ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அந்த இழப்பு வரலை. அதாவது, எதை எடுக்கணும்னு தேர்ந்தெடுக்கும்போது மூளை மறுபடி வேலைக்கு வந்துடுது.

இதை அப்படியே திருப்பிப் போட்டா வரைதல். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஒரு குழு சின்னச் சின்னச் சொற்களைக் கொடுத்து, சிலதைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாங்க, சிலதைப் படமா வரையச் சொன்னாங்க. வரைஞ்ச சொற்கள் எழுதினதைவிட நிறையவே ஞாபகம் இருந்தது. வரைய நாலே நாலு செகண்டு கொடுத்தாலும் அப்படித்தான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, படம் நல்லா இருக்கா இல்லையாங்கிறது ஒரு பொருட்டாவே இல்லை. "எனக்கு வரைய வராது"ன்னு சொல்ற எல்லாருக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

சரி, கதைக்கு வர்றேன். அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் ஆச்சி, "சித்திர சபையைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு, கூட்டிட்டுப் போறியா?"ன்னாங்க. ஆட்டோ பிடிச்சுப் போனோம். உள்ளே நுழையும்போதே ஒரு பெரியவர் என் கையில இருந்த போனைப் பார்த்துட்டு, "அதைப் பையில வையும்மா"ன்னுட்டார். ஆச்சி சுவரோரமா உட்கார்ந்துட்டாங்க, எழுந்திருக்கிற மாதிரி தெரியலை. எனக்குக் கை சும்மா இல்லை. பையில ஆட்டோ வாடகைக் கணக்கு எழுதின ஒரு குயர் நோட்டும் ஒரு பேனாவும் இருந்தது. வரைய ஆரம்பிச்சேன்.

அஞ்சாவது நிமிஷத்துலயே மாட்டிக்கிட்டேன். நான் முதல்ல போட்டது வலது காலைத் தூக்கின நடராஜர். பார்த்துக்கிட்டே தப்பாப் போடுறேன்! கண்ணு சுவர்மேல இருக்கு, கையோ மண்டைக்குள்ள இருக்கிற ஏதோ ஒரு மங்கலான நடராஜரை வரையுது. அடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன். இந்த முறை, தூக்கின காலும் குறுக்கே வர்ற கையும் ஒரே பக்கம்னு புரிஞ்சது. அந்தக் கை ஏன் அப்படித் தொங்குதுன்னும் அப்பதான் புரிஞ்சது. அது தூக்கின பாதத்தைக் காட்டுது. "இங்கே பார், இங்கே வா"ன்னு. சின்ன வயசுல இருந்து யார் யாரோ இதைச் சொல்லியிருப்பாங்க. என் கை அந்தக் கோட்டுமேல போகிற வரைக்கும் எனக்கு அது ஏறலை. நின்ன கால் நேரா இல்லை, முழங்கால் மடங்கியிருக்கு. அது மடங்கலைன்னா மேல இருக்கிற மொத்த எடையும் பொய்யாயிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரலை. கோடு வரமாட்டேன்னு அடம் பிடிக்கும்போது தானாத் தெரியுது.

படம் கேவலமா இருந்தது. ஆச்சி பார்த்துட்டு, "என்னட்டீ இது, பாவம் அந்த மனுசன்"ன்னு சிரிச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி சும்மா தேடிக்கிட்டு இருக்கும்போதுதான் குற்றாலத்தோட இன்னொரு கதை மாட்டுச்சு. எனக்கென்னமோ இது நம்ம பாடப்புத்தகத்துல வந்திருக்கணும்.

ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில டாக்டர், ஆனா உயிரெல்லாம் செடிகொடி மேல. 1830-களோட நடுவுல பாளையங்கோட்டையில வேலை. அங்கேயிருந்து குற்றாலத்துக்கு வந்து மலையெல்லாம் செடி சேகரிச்சார். அவரோட புத்தகத்துல செடி கிடைச்ச இடம்னு 'கோர்ட்டாலம்' திரும்பத் திரும்ப வரும். அந்தப் புத்தகத்தோட பேர் 'ஐகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியெண்டாலிஸ்'. வாயில நுழையாட்டியும் பரவாயில்லை, எண்ணிக்கையை மட்டும் கேளுங்க. 1838-ல இருந்து 1853 வரைக்கும், ஆறு தொகுதி, 2101 படங்கள்.

2101 படங்களை வரைஞ்சது யார்? வைட் இல்லை. படங்களோட கீழ் ஓரத்துல பொடி எழுத்துல இருக்கும்: 'ரங்கய்யா, டெல்.' பிற்பாடு வந்ததுல, 'கோவிந்து, டெல்.' அந்த 'டெல்'ங்கிறது லத்தீன்ல 'வரைந்தார்'ங்கிறதோட சுருக்கம். ரங்கய்யா 1820-களோட கடைசியில இருந்தே வைட்டுக்கு வரைஞ்சவர். அவருக்குப் பிறகு கோவிந்து. ரெண்டு பேருமே தெலுங்கு பேசற, பரம்பரையா ஓவியம் வரையற குடும்பங்கள்ல வந்தவங்க. சாமி படமும் ராஜா படமும் வரைஞ்ச மரபு. அந்தக் கையில திடீர்னு ஒரு காட்டுச் செடியைக் கொடுத்து, லென்ஸ் வழியாப் பார்த்து, பூவை நெடுக்காப் பிளந்து, உள்ளே சூல்பையில எத்தனை அறைன்னு வரையச் சொல்றாங்க. வரைஞ்சாங்க. எப்பேர்ப்பட்ட வேலைன்னா, இன்னைக்கும் எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன்லயும் கியூ தோட்டத்துலயும் அந்த மூலப் படங்களைப் பொத்திப் பாதுகாக்கிறாங்க. எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி 2007-ல இந்த ரெண்டு ஓவியர்களோட பேரையும் தலைப்புலயே வெச்சு ஒரு பெரிய ஆய்வு நூல் கொண்டு வந்தார்.

இங்கே ஒரு வருஷக் கணக்கைக் கவனிக்கணும். அந்தப் படத்தொகுதி ஆரம்பிச்சது 1838. பாரிஸ்ல டாகுரோட போட்டோ எடுக்கிற முறையை உலகத்துக்கு அறிவிச்சது 1839. அப்போ அடுத்த சில பத்து வருஷத்துல செடிப் படம் வரையறவங்க வேலை காலியாகியிருக்கணும், இல்லையா? ஆகலை. இன்னைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு புதுச் செடியைக் கண்டுபிடிச்சு ஆய்விதழ்ல வெளியிடறவங்க, போட்டோவோட ஒரு கோட்டுப் படத்தையும் சேர்க்கிறது சாதாரணம்.

ஏன்? இதுக்கு நம்ம வீட்டு வாசல்லயே உதாரணம் இருக்கு. காசித்தும்பை. காய் முத்தினப்புறம் லேசாத் தொட்டாலே 'படக்'னு வெடிச்சு விதை தெறிக்குமே, சின்ன வயசுல வெடிக்க வெச்சு விளையாடியிருப்போம். அதோட சொந்தக்காரச் செடிகள் குற்றால மலையில, ஈரப்பாறை ஓரத்துல நிறைய உண்டு. தாவரவியல்காரங்க செடியைக் காகிதத்துக்கு நடுவுல வெச்சு அழுத்தி, உலர்த்திப் பாதுகாப்பாங்க. காசித்தும்பைக் குடும்பத்துப் பூவை அப்படி அழுத்தினா அவ்வளவுதான். இதழ் அவ்வளவு மெலிசு. காகிதத்தோட ஒட்டி, ஒண்ணோட ஒண்ணு கலந்து, கறை மாதிரி ஆயிடும். எந்த இதழ் எங்கே ஆரம்பிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அது உயிரோட இருக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தர் வரைஞ்சிருந்தாதான் உண்டு.

போட்டோ எடுக்கலாமேன்னு கேட்கலாம். எடுக்கலாம், எடுக்கணும். ஆனா போட்டோ காட்டுறது ஒரு செடியை. அந்த நாள், அந்த வெளிச்சம், அந்த இலையில புழு அரிச்ச ஓட்டை, எல்லாம் சேர்த்து. தாவர ஓவியம் காட்டுறது அந்த இனத்தை. ஓவியர் பத்துச் செடியைப் பார்த்துட்டு, பத்துலயும் பொதுவா இருக்கிறதை ஒரு செடியா வரையறார். புழு அரிச்ச ஓட்டையை விட்டுடறார். ஆனா இலையோட ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தா, அந்தப் பல்லை விடமாட்டார். ஆடியில பூத்து மார்கழியில காய்க்கிற செடின்னா, பூவும் காயும் பிளந்த விதையும் ஒரே தாள்ல இருக்கும். உலகத்துல எந்தச் செடியும் அப்படி ஒரே நேரத்துல நின்னதில்லை. படத்துல இருக்கிற செடி எங்கேயுமே இல்லாத செடி. ஆனா அதை வெச்சுத்தான் காட்டுல இருக்கிற எல்லாச் செடியையும் அடையாளம் காண்கிறோம்.

எதை விடறது, எதை வைக்கிறதுங்கிற இந்த முடிவுதான் வரைதல். கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. அது எல்லாத்தையும் வெச்சுக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் போனா இன்னொரு உதாரணம் இருக்கு. 1678-ல் இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. கொச்சியில இருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்தது, கேரளத்துச் செடிகள் பத்தினது. பிற்பாடு 1753-ல, செடிகளுக்கு ரெண்டு சொல் பேர் வைக்கிற முறையை லின்னேயஸ் நிலைநாட்டினப்போ, அந்தப் புத்தகத்துச் செடிகள் பலதுக்கு அவர் கையில உலர்ந்த மாதிரியே கிடையாது. படத்தைப் பார்த்துத்தான் பேர் வெச்சார். அந்தப் பேர்கள்ல சிலதுக்கு 'இந்தப் பேர் எந்தச் செடியைக் குறிக்குது?'ன்னு இன்னைக்குத் தகராறு வந்தா, கடைசிச் சான்று அந்தப் படம்தான். ஒரு கோட்டுப் படம், ஒரு செடியோட பிறப்புச் சான்றிதழ்!

ரங்கய்யா, கோவிந்து வாழ்க்கையைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிறது ரொம்பக் கொஞ்சம். வைட் பேரைத் தாங்கின செடிகள் நிறைய இருக்கு. கோவிந்துக்கு ஒண்ணே ஒண்ணு. வைட் 1853-ல ஒரு ஆர்க்கிட் வகைக்கு 'கோவிந்தூயா'ன்னு பேர் வெச்சார். நல்ல மனசுதான். ஆனா பிற்பாடு அந்தச் செடி ஏற்கெனவே பேர் வெச்ச 'ட்ரோபிடியா'ங்கிற வகையைச் சேர்ந்ததுன்னு தெரிஞ்சு, கோவிந்தூயாங்கிற பேர் வழக்கொழிஞ்சு போச்சு. எனக்கு இதைப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேர் போயிடுச்சு, சரி. படம் போகலை. அதைத்தான் சொல்லிக்கணும்.

இதே வேலையைக் கோயில் சிற்பங்களுக்குச் செஞ்ச ஒருத்தரை உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சில்பி. சொந்தப் பேர் ஸ்ரீனிவாசன், 1919-ல நாமக்கல்ல பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். ஆனந்த விகடன்ல ஓவியர் மாலி இவரைக் கோயில் சிற்பங்கள் பக்கம் திருப்பிவிட்டு, சில்பின்னு பேரும் வெச்சார். 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு 1940-களோட கடைசியில ஆரம்பிச்சுப் பல வருஷம் வந்த தொடர். ஊர் ஊராப் போய், தூணுக்கு முன்னாடி உட்கார்ந்து வரைஞ்சது. எங்க தாத்தா அந்தப் பக்கங்களைக் கிழிச்சுத் தைச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தார். வீட்டைக் காலி பண்ணும்போது மச்சுல கிடைச்சது. கரையான் கொஞ்சம் சாப்பிட்டிருந்தது.

அதைப் புரட்டும்போது ஒரு விஷயம் கவனிச்சேன். கோயில் மண்டபத்துல நல்ல போட்டோ எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். தென்காசி கோயில் முன் மண்டபத்துல வீரபத்திரர், ரதி, மன்மதன்னு ஆளைவிடப் பெரிய சிற்பங்கள் இருக்கு. போன்ல எடுத்தா ஒரு பக்கம் வெயில்ல வெளுத்துடும், மறு பக்கம் இருட்டு, நடுவுல எண்ணெய்ப் பிசுக்கு, விபூதி, டியூப் லைட் ஒயர். கல்தச்சன் செதுக்கினது எது, பிற்பாடு படிஞ்சது எதுன்னு கேமராவுக்குத் தெரியாது. சில்பியோட கோட்டுக்குத் தெரியும். ஒயரை அவர் வரைய மாட்டார்.

இதோ, ஏஐ கேள்விக்கு வந்துட்டேன். "குற்றாலம் சித்திர சபை நடராஜர், கோட்டோவியம்"னு ஒரு ஏஐ கிட்டக் கேட்டுப் பார்த்தேன். ரொம்ப அழகா வந்தது. என் குயர் நோட்டுப் படத்தைவிட ஆயிரம் மடங்கு அழகு. ஒரு கையில ஆறு விரல், அதை விட்டுடுவோம், அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும். ஆனா அது எந்த ஊர்க் கோயிலும் இல்லை. எல்லா ஊரையும் பார்த்து, எந்த ஊருக்கும் போகாத ஒருத்தர் வரைஞ்ச மாதிரி. அதுல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. ஆபீஸ்ல தினமும் ஏஐ யூஸ் பண்றேன், நல்ல சம்பளமும் வாங்குறேன். அந்தப் படம் வந்ததுல எனக்கு எந்தக் கால்னு தெரியலை, அவ்வளவுதான். படம் கிடைச்சது, பார்வை கிடைக்கலை. உங்க புரொஃபசர் ஸ்கெட்ச் புக்ல தேடுறது படத்தை இல்லைம்மா. நீங்க அந்தப் படிக்கட்டுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நின்னீங்களான்னு பார்க்கிறார்.

இப்போ கடைசியா, எங்க வீட்டுக்கு வந்துடறேன். போன தை மாசம் வீட்டை இடிச்சாச்சு. ஆச்சி சென்னையில எங்க பிளாட்டுல, ஆறாவது மாடியில. வந்ததுல இருந்து ஒரு பிரச்சினை. ராத்திரி மூணு மணிக்கு எழுந்திருப்பாங்க. கட்டில்ல இருந்து இறங்கி, ரெண்டு அடி வெச்சு இடது பக்கம் திரும்புவாங்க. அங்கே அலமாரி. அதுல முட்டிக்குவாங்க. ரெண்டு தடவை நெத்தியில வீங்கிடுச்சு. "பாத்ரூம் வலது பக்கம் ஆச்சி"ன்னு எத்தனை தடவை சொன்னாலும் பகல்ல சரிம்பாங்க, ராத்திரி இடது பக்கம்தான். அப்பா பயந்துட்டார். "மறதி வந்துடுச்சு போல, டாக்டர்கிட்டக் காட்டணும்"னார். காட்டினோம். டாக்டர் சோதிச்சுட்டு, வயசுக்கு நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டார்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தக் குயர் நோட்டை எடுத்து, வீட்டோட பிளானைப் போடலாம்னு உட்கார்ந்தேன். நானூறு போட்டோ இருக்கே, அதைப் பார்த்துப் போட்டுடலாம்னு நினைச்சேன். முடியலை. ஒவ்வொரு போட்டோவுலயும் ஒரு மூலை இருக்கு. ஆனா எந்த மூலைக்கு அப்புறம் எந்த மூலைங்கிறது எதுலயும் இல்லை. பட்டாசல்ல இருந்து அடுக்களைக்குப் போகிற வாசல் எந்தச் சுவர்ல? வீடியோவுல கேமரா சுத்துற சுத்துல எனக்குத் தலை சுத்துச்சு. இருபது வருஷம் லீவுக்கு லீவு ஓடி விளையாடின வீடு.

ஆச்சிகிட்டக் கேட்டேன். பேனாவை வாங்கிக்கிட்டாங்க. ஆச்சி படம் வரைஞ்சு நான் பார்த்ததே இல்லை. ஆனா எழுபது வருஷம் தினமும் வாசல்ல கோலம் போட்ட கை. முதல்ல புள்ளி வெச்சாங்க. வாசல் ஒரு புள்ளி, நடை ஒரு புள்ளி, தூண் நாலு புள்ளி, கிணறு ஒரு புள்ளி. அதுக்கப்புறம் புள்ளியைச் சுத்திச் சுவரை இழுத்துக்கிட்டே போனாங்க. கை நிக்கவே இல்லை. "இது தார்சா. இதுல உங்க தாத்தா சாய்வு நாற்காலி. இது பட்டாசல், இந்தா இங்கன என் கட்டில்."

கட்டிலைப் போட்டுட்டு, பேனாவைத் தூக்காமலே, கட்டில்ல இருந்து ஒரு கோடு இழுத்தாங்க. ரெண்டு அடி. அப்புறம் இடது பக்கம் ஒரு திருப்பம். நிலைப்படி, அதைத் தாண்டி அடுக்களை, அடுக்களைக்குப் பின்னாடி புறவாசல்.

நான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் பேசலை. சாயங்காலம் நானும் அவரும் ஆச்சியோட கட்டிலைத் திருப்பிப் போட்டோம். தலைமாட்டுப் பக்கம் கால்மாடு. இப்போ இறங்கி ரெண்டு அடி வெச்சு இடது பக்கம் திரும்பினா பாத்ரூம் கதவு.

படம் இப்போ ஃபிரிட்ஜ்மேல ஒட்டியிருக்கு. ஆச்சி போறப்ப வர்றப்ப அதுல ஏதாவது சேர்த்துக்கிட்டே இருக்காங்க. போன வாரம் கிணத்தடியில ஒரு துவைகல் வந்தது. நேத்து பார்த்தா, நான் தப்பாப் போட்டு வெச்சிருந்த தொட்டியை அடிச்சுட்டு, முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கமா மாத்தி வெச்சிருக்காங்க.